என் அலுமினா பெல்லட் ஏன் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது? மாநாட்டில் கேட்ட கேள்வியும் கிரெய்ன் பவுண்டரியும்

வெண்சில்லு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செராமிக் பொருள்களின் இடைமுகங்களையும் நுண்ணமைப்பையும் பற்றிய ஒரு மாநாட்டுக்குப் போன வாரம் போய் வந்தேன். எனக்கு அதுதான் முதல் மாநாடு. மூன்று நாளும் பேச்சு கிரெய்ன் பவுண்டரியைச் சுற்றியே போனது. துறைக்குப் புதியவர்களுக்காக: சுட்டெடுத்த செராமிக் ஒரே கட்டி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்து ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கிரெய்ன். இரண்டு கிரெய்ன் உரசிக்கொண்டு நிற்கும் இடம் பவுண்டரி.

என் வேலை ஒளி புகும் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) செய்வது. பவுடரைச் சின்ன வில்லையாக (பெல்லட்) அழுத்தி, காற்றில் 1600 டிகிரியில் நாலு மணி நேரம் சுடுகிறேன். ஆர்க்கிமிடிஸ் முறையில் (தண்ணீரில் மூழ்கவிட்டு எடை பார்ப்பது) அடர்த்தி, துளையே இல்லாத அலுமினாவோடு ஒப்பிட்டால், 98.5 சதவீதம் வருகிறது. ஆனாலும் பெல்லட் பால் மாதிரி வெள்ளை. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் மங்கலாகக்கூட வருவதில்லை.

இதைத்தான் போஸ்டராக வைத்திருந்தேன். வயதான ஒருவர் வந்து செம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு பெரிய கிரெய்னின் நடுவில் இருந்த கரும்புள்ளியில் விரலை வைத்து, "இந்தத் துளை இங்கே எப்படி வந்தது?" என்றார். "போராசிட்டி சார்" என்றேன். "அது வரவில்லையம்மா. பவுண்டரி அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஏன் அவ்வளவு அவசரமாகப் போனது என்று பாருங்கள்" என்று சொன்னார். அதற்குள் அடுத்த அமர்வுக்கு மணி அடித்துவிட்டது, அவரும் போய்விட்டார். ஒரு வாரமாக அந்த வாக்கியம் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது விளக்க முடியுமா?

எல்லைக்கோடு எழுதியது:

தங்கச்சி, கொடுத்துவைத்தவர் நீங்கள். உங்கள் ஆராய்ச்சிக்கு என்ன வேண்டுமோ அதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பவுடரைச் சுடும்போது துளை எப்படி மூடுகிறது? பக்கத்திலிருந்து அணுக்கள் வந்து அதை நிரப்ப வேண்டும். படிகத்தின் உள்ளே அணு நகர்வது ரொம்பக் கடினம். பவுண்டரியில் அடுக்கு தளர்வாக இருப்பதால் அங்கே வேகமாக ஓடும். அணுக்கள் ஓடுகிற சாலையே அதுதான். துளை சாலை ஓரத்தில் இருக்கும்வரை சரக்கு வந்துகொண்டே இருக்கும், துளையும் சுருங்கி மறையும்.

ஆனால் அதே நேரத்தில் கிரெய்ன்களும் வளர்கின்றன. பெரியது சின்னதை விழுங்குகிறது. விழுங்குவது என்றால் என்ன? பவுண்டரி நகர்கிறது என்றுதான் அர்த்தம். மெதுவாக நகர்ந்தால் துளையையும் தன்னோடு இழுத்துப் போகும். வேகம் கூடினால் துளையைப் பின்னால் விட்டுத் தாண்டிப் போய்விடும். அப்புறம் அந்தத் துளை கிரெய்னின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். சாலை இல்லாத ஊர் அது. இன்னும் பத்து மணி நேரம் சுட்டாலும் மூடாது. உங்கள் படத்தில் அவர் தொட்டுக் காட்டியது அப்படி மாட்டிக்கொண்ட ஒரு துளைதான்.

1950-களில் அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜோசப் பர்க் குழுவினர் முட்டி மோதியதும் இதே சிக்கலில்தான். அங்கே சேர்ந்த ராபர்ட் கோபிள் அலுமினாவில் கால் சதவீத அளவு மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) சேர்த்தார். அவ்வளவுதான் மாற்றம். கிரெய்ன் தாறுமாறாக வளர்வது நின்றது, துளைகள் பவுண்டரியிலேயே இருந்து மூடின, செராமிக் வழியாக வெளிச்சம் வந்தது. லுகாலாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1962-ல் காப்புரிமை கிடைத்தது. நம் தெருக்களில் எல்இடி வருவதற்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் எரிந்த சோடியம் விளக்கு நினைவிருக்கிறதா? அதற்குள் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வெள்ளைக் குழாய் இருக்கும். அது இந்த அலுமினாதான். கொதிக்கும் சோடியம் ஆவி குவார்ட்ஸைக்கூட அரித்துவிடும். அலுமினா தாங்கும்.

உங்கள் பவுடரில் மெக்னீசியா இருக்கிறதா?

வெண்சில்லு எழுதியது:

இல்லை அண்ணா. சுத்தமான பவுடர் என்றால் நல்லது என்று 99.99 சதவீதம் வாங்கினேன். எதையும் சேர்க்கவில்லை. இன்னொரு சந்தேகம். 98.5 சதவீதம் என்றால் பாக்கி ஒன்றரைதானே, அதற்கா இவ்வளவு வெள்ளை?

எல்லைக்கோடு எழுதியது:

ஒன்றரை சதவீதம் ரொம்ப ரொம்ப அதிகம். அலுமினாவின் ஒளிவிலகல் எண் 1.76, துளைக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கு 1. இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒவ்வொரு துளையும் ஒளியைச் சிதறடிக்கும். துளையின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டி இருந்தால் சிதறல் உச்சத்துக்குப் போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு துளை போதும், பெல்லட் கெட்டுவிடும். தோசைமாவு வெள்ளையாக இருப்பதற்கும் தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் உள்ள அதே வித்தியாசம்தான் இது.

அப்படியே துளை ஒன்றுகூட இல்லாமல் செய்தாலும் அலுமினா ஜன்னல் கண்ணாடி மாதிரி தெளிவாக வராது. அது கனசதுரப் படிகம் இல்லை. ஒளி எந்தத் திசையில் போகிறது என்பதைப் பொறுத்து ஒளிவிலகல் எண் லேசாக மாறும். பக்கத்துப் பக்கத்து கிரெய்ன்கள் வேறு வேறு பக்கம் பார்த்து நிற்பதால் ஒவ்வொரு பவுண்டரியிலும் ஒளி கொஞ்சம் வளையும். அதனால்தான் லுகாலாக்ஸ் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. முழுத் தெளிவு வேண்டுமென்றால் ஸ்பினெல், யிட்ரியா மாதிரி கனசதுரப் படிகங்களுக்குத்தான் போக வேண்டும். உங்கள் கைடிடம் இந்த எல்லையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சூளைமேடு_பெரியவர் எழுதியது:

எதற்காகக் காற்றில் சுடுகிறாய் அம்மா? அதை யாரும் கேட்கவில்லையே.

நான் இன்சுலேட்டர் ஆலையில் முப்பது வருஷம் சூளை பார்த்தவன். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் துளைக்குள்ளே என்ன வாயு மாட்டியிருக்கிறது என்பது எங்கள் தலைவலி. துளை மூடும்போது உள்ளே இருக்கும் வாயு எங்கேயாவது போயாக வேண்டும். போக வழியில்லை என்றால் அது உள்ளே அழுத்தம் ஏறித் துளையை மூடவிடாது.

எல்லைக்கோடு எழுதியது:

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கோபிளே 1962-ல் இதைச் சோதித்து எழுதினார். ஹைட்ரஜன், ஆக்சிஜன், வெற்றிடம், இந்த மூன்றிலும் முழு அடர்த்தி வந்தது. ஹீலியம், ஆர்கான், நைட்ரஜன் இருந்தால் வரவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அலுமினா வழியாக ஊடுருவி வெளியேறும். நைட்ரஜன் வெளியேறாது. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தானே! ஆக உங்களுக்கு இருப்பது இரண்டு சிக்கல்: பவுண்டரி துளையை விட்டுவிட்டு ஓடுகிறது, பவுண்டரியிலேயே நிற்கும் துளையையும் நைட்ரஜன் மூடவிடவில்லை. மெக்னீசியா முதல் சிக்கலை மட்டும்தான் தீர்க்கும்.

சூளைமேடு_பெரியவர் எழுதியது:

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இடைமுகம் என்றால் டெம் (அணு வரை காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) வைத்துப் பார்க்கிற சமாச்சாரம் என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் போர்சலினில் இருக்கிற குவார்ட்ஸ் துகளைப் பாருங்கள். சூளை ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் வடிவம் மாறிச் சட்டென்று சுருங்கும். சுற்றியிருக்கும் கண்ணாடி அவ்வளவு சுருங்காது. இரண்டுக்கும் நடுவில் வளையமாக வெடிப்பு விழும். துகள் பெரிதாக இருந்தால் வெடிப்பும் பெரிது. அந்த 573-ஐத் தாண்டும்வரை நாங்கள் யாரும் சூளையை விட்டு நகர மாட்டோம். வேகமாக ஆறவிட்டால் மறுநாள் காலையில் இன்சுலேட்டரைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். நல்லது கணீர் என்று மணிச் சத்தம் கொடுக்கும். வெடிப்பு விழுந்தது சொத்தென்று கேட்கும். பிற்பாடு குவார்ட்ஸுக்குப் பதிலாக அலுமினா போட்ட போர்சலின் வந்த பிறகுதான் அந்தக் கவலை குறைந்தது. எங்களுக்கு இடைமுக ஆராய்ச்சி என்றால் காதில் கேட்கிற அந்தச் சத்தம்தான்.

பாலாற்றங்கரை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்கிறேன். இந்த மாதிரி மாநாடுகளில் காட்டுவதெல்லாம் அணுவுக்கு அணு தெரிகிற டெம் படங்கள். எங்கள் கல்லூரியில் இருப்பது ஒரு பழைய எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி), மஃபிள் ஃபர்னஸ் என்கிற ஒரு சின்ன மின்சூளை. செம் பார்க்கவே வெளியூருக்கு அனுப்பி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணத்தையும் ரயில் செலவையும் சேர்த்தால் ஒரு மாத உதவித்தொகை போய்விடும். நுண்ணமைப்பைப் பற்றி எங்களை மாதிரி இடத்திலிருந்து என்ன சொல்ல முடியும்?

நீலவட்டு எழுதியது:

நண்பர் பாலாற்றங்கரைக்கு. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்களிடம் பவுண்டரியை அளக்க வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். மாறுமின்னோட்டத்தில் தடையை அளக்கும் ஒரு எல்சிஆர் மீட்டரோ இம்பீடன்ஸ் அனலைசரோ இயற்பியல் துறையில் யாரிடமாவது கண்டிப்பாக இருக்கும். பெல்லட்டின் இரண்டு பக்கமும் வெள்ளிப் பேஸ்ட் தடவி, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்தால் வரைபடத்தில் கிரெய்னின் தடை ஒரு அரைவட்டமாகவும் பவுண்டரியின் தடை இன்னொரு அரைவட்டமாகவும் தனித்தனியாக விழும். ஜிர்கோனியாவில் (ஜிர்கோனியம் ஆக்சைடு) பாயர்லே என்ற ஆய்வாளர் இதை 1969-லேயே செய்து காட்டினார். அணுவைப் பார்க்காமலேயே பவுண்டரியின் தடையைப் பிரித்துச் சொல்லலாம்.

நான் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் கருவி) துறையில் இருக்கிறேன். எங்கள் சாப்பாடே பவுண்டரிதான். வீட்டு ஸ்பைக் பஸ்டரைத் திறந்து பார்த்தால் நீல நிறத்தில் ஒரு வட்டு இருக்கும், வாரிஸ்டர் என்று பெயர். அதில் 14டி471கே என்று எழுதியிருக்கும். 14 மில்லிமீட்டர் விட்டம், 470 வோல்ட் (47-க்குப் பின் ஒரு பூஜ்யம்) என்று அர்த்தம். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு, அதோடு கொஞ்சம் பிஸ்மத், கோபால்ட், மாங்கனீஸ் ஆக்சைடுகள். துத்தநாக ஆக்சைடு கிரெய்ன் நன்றாக மின்சாரம் கடத்தும். ஆனால் பிஸ்மத் போய் உட்கார்ந்த பவுண்டரி கதவைச் சாத்திவிடும். ஒரு பவுண்டரிக்குச் சுமார் 3 வோல்ட் வரும்வரை கதவு திறக்காது, அதைத் தாண்டினால் முழுக்கத் திறந்துவிடும். 470 வோல்ட் வேண்டுமா? மின்சாரம் போகிற வழியில் சுமார் 157 பவுண்டரி வரிசையாக இருக்க வேண்டும். கிரெய்ன் 20 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் 50 கிரெய்ன், அதாவது 150 வோல்ட். ஆக வட்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம் வேண்டும். சூளையில் இருபது டிகிரி ஏறி கிரெய்ன் பெருத்துவிட்டால் வோல்ட் இறங்கிவிடும், முழு லாட்டும் வீண். நுண்ணமைப்பை எண்ணி எண்ணி வோல்ட்டாக விற்கிறோம்! மட்சுயோகா என்ற ஜப்பானியர் 1971-ல் இதைப் பற்றி எழுதினார். செராமிக்கின் குறை என்று எல்லோரும் நினைத்த பவுண்டரியை அவர் ஒரு கருவியாக்கினார். எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

கார்நெட் எழுதியது:

என் வேலை திட எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாக அயனியைக் கடத்தும் திடப்பொருள்). இங்கேயும் அதே கதைதான், வேறு உருவில். லித்தியம் லாந்தனம் ஜிர்கோனியம் ஆக்சைடு, எல்எல்இசட்ஓ என்போம். 2007-ல் முருகன், தங்கதுரை, வெப்னர் மூவரும் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் செய்து வெளியிட்டார்கள். ராமசாமி முருகன் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இதே பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அறை வெப்பநிலையிலேயே லித்தியம் நன்றாக ஓடும் ஆக்சைடு என்பதால் உலகமே திரும்பிப் பார்த்தது.

இந்த இழைக்குத் தொடர்பான இரண்டு விஷயங்கள். கனசதுர அமைப்பு அறை வெப்பநிலையில் எப்படி நிலைத்தது என்று பின்னால் கிளறியபோது, சுடும்போது வைத்த அலுமினா குரூசிபிளிலிருந்து (சூடு தாங்கும் கிண்ணம்) கொஞ்சம் அலுமினியம் உள்ளே ஏறியிருப்பது தெரிந்தது. யாரும் வேண்டுமென்று போடாத பொருள்! இரண்டாவது, இது கல் மாதிரி கடினம், மெத்தென்ற லித்தியம் உலோகம் இதைத் துளைக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் மின்னோட்டத்தைக் கூட்டினால் லித்தியம் கிரெய்ன் பவுண்டரி வழியாகவே கிளை கிளையாக வளர்ந்து மறுபக்கம் போய் ஷார்ட் ஆக்கிவிடுகிறது. நானே உடைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பெல்லட்டுக்குள் கரிக்கோடு இழுத்த மாதிரி கறுப்பாக ஒரு நரம்பு. செம்மில் வைத்தால் கிரெய்னைச் சுற்றிச் சுற்றித்தான் போயிருந்தது, ஒரு கிரெய்னைக்கூடக் குறுக்கே கிழிக்கவில்லை.

வெண்சில்லு அக்கா, உங்கள் குரூசிபிள் என்ன? ஃபர்னஸ் சுவர் என்ன? பவுடர் 99.99 இருக்கலாம், சுட்ட பிறகும் 99.99-ஆ?

பல்_லேப் எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. நாங்கள் ஜிர்கோனியா கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை) சுடுகிறோம். அவசரத்துக்கு வெப்பநிலையைக் கூட்டிச் சுடலாமா?

எல்லைக்கோடு எழுதியது:

வேண்டாம். ஜிர்கோனியாவின் வலிமையே கிரெய்ன் சின்னதாக இருப்பதில்தான் இருக்கிறது. வெடிப்பு முனை வரும்போது அங்கிருக்கும் கிரெய்ன்கள் டெட்ராகனல் என்ற படிக வடிவத்திலிருந்து மோனோகிளினிக் என்ற வடிவத்துக்கு மாறி 4 சதவீதம் அளவுக்கு விரிந்து வெடிப்பை நெரித்து நிறுத்தும். 1975-ல் ஆஸ்திரேலியாவில் கார்வி குழுவினர் 'செராமிக் எஃகு' என்று எழுதியது இதைத்தான். கிரெய்ன் ஒரு மைக்ரானைத் தாண்டிப் பெருத்தால் வெடிப்பே இல்லாமல் தானாக மாற ஆரம்பிக்கும். வாயின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். பவுடர் கம்பெனி கொடுத்த அட்டவணையை மீற வேண்டாம்.

கார்நெட் கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டதுதான் இந்த இழையின் உயிர். தூய அலுமினாவில் கிரெய்ன் ஏன் தாறுமாறாக வளர்கிறது? 1990-களில் கொரிய ஆய்வாளர்கள் அதிதூய அலுமினாவைச் சஃபையர் (ஒற்றைப் படிக அலுமினா) குழாய்க்குள் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். வெளியிலிருந்து எந்த அழுக்கும் ஏறாதபோது கிரெய்ன் ஒழுங்காகவே வளர்ந்தது. துளி சிலிக்காவோ கால்சியாவோ (சிலிக்கான், கால்சியம் ஆக்சைடுகள்) ஒரு அளவைத் தாண்டியதும் ராட்சத கிரெய்ன்கள் வந்தன. படிகத்துக்குள் இடமில்லாத அந்தத் துளி பவுண்டரியில் போய்க் கூடுகிறது. அங்கே சில பவுண்டரிகளில் மட்டும் மெல்லிய கண்ணாடிப் படலம் உருவாகி, அவை மற்றவற்றை விட வேகமாக ஓடத் தொடங்குகின்றன. மெக்னீசியா இருந்தால் சிலிக்கா பவுண்டரியில் கூடுவது குறைகிறது.

லீஹை பல்கலைக்கழகத்தில் டில்லனும் ஹார்மரும் 2007-ல் அலுமினாவில் ஆறு வகைப் பவுண்டரி இருப்பதாக வரிசைப்படுத்தினார்கள். ஒன்றில் அழுக்கு அணு ஒரு அடுக்குக்கும் குறைவு, இன்னொன்றில் இரண்டு அடுக்கு, கடைசியில் திரவம் போலப் பரவிய நல்ல கனமான படலம். நீர் பனியாகவும் ஆவியாகவும் மாறுவது மாதிரி பவுண்டரியும் நிலை மாறுகிறது என்றார்கள். கோபிள் மெக்னீசியா போட்டு ஐம்பது வருஷம் கழித்துத்தான் இவ்வளவு தெளிவு கிடைத்தது.

இதனால்தான் நான் மாநாடு என்றால் போகச் சொல்வேன், கட்டணம் உறுத்தினாலும். பெர்க்லியில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை 1966, 76, 86, 96 என்று செராமிக் நுண்ணமைப்புக்கென்றே மாநாடு நடத்தினார்கள். 1986 ஜூலையில் நடந்ததன் தலைப்பே இடைமுகங்களின் பங்கு பற்றியது. அந்தத் தொகுப்பை நூலகத்தில் தூசி தட்டி எடுத்து ஒரு கோடை முழுக்கப் படித்தேன். அந்த மாநாடு நடந்த 1986-லேயே ஆக்சைடு சூப்பர்கண்டக்டர் (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) வந்தது. இரண்டு வருஷத்துக்குள் ஐபிஎம்மில் சௌத்ரி குழுவினர் அதிலும் மின்னோட்டத்தை மறிப்பது கிரெய்ன் பவுண்டரிதான் என்று அளந்து காட்டினார்கள். விளக்குக் குழாய்க்காரரும் வாரிஸ்டர்காரரும் சூப்பர்கண்டக்டர்காரரும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம் என்று தெரிவது மாநாட்டு வராந்தாவில்தான். பாலாற்றங்கரை தம்பி, மாணவர்களுக்குப் பயண உதவி தருகிற மாநாடுகள் உண்டு. சுருக்கம் அனுப்பும்போதே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

வெண்சில்லு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், கையில் ஏதாவது வைத்துக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

முதலில் பழைய பெல்லட்டையே திரும்ப எடுத்தேன். ஒரு மைக்ரான் வைரப் பேஸ்ட் வரை பாலிஷ் போட்டு, 1500 டிகிரியில் அரை மணி நேரம் தெர்மல் எட்ச் செய்தேன். பவுண்டரி இருக்கிற இடமெல்லாம் மெல்லிய பள்ளமாக இறங்கி, கோலம் போட்ட மாதிரி தெரிந்தது. நடுநடுவே ஓடு பதித்தது போல நீள நீளமான பெரிய கிரெய்ன்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் துளைகள். அந்தப் பெரியவர் காட்டியது ஒரு புள்ளிதான். நான் எண்ணியபோது ஒரே கிரெய்னில் பதினேழு இருந்தன.

கார்நெட் தம்பி கேட்டபடி தேடினேன். எங்கள் ஃபர்னஸ் சுவரின் ஃபைபர் பாதிக்கு மேல் சிலிக்கா கலந்தது. குரூசிபிளையும் எனக்கு முன்னால் யாரோ கண்ணாடி உருக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பிறகு புதுக் குரூசிபிள் வாங்கினேன். மெக்னீசியம் நைட்ரேட்டை எத்தனாலில் கரைத்து, பத்து லட்சத்தில் 500 பங்கு மெக்னீசியா வரும்படி பவுடரோடு கலந்து உலர்த்தினேன். பெல்லட்டை அதே பவுடருக்குள் புதைத்து மூடிவைத்துச் சுட்டேன். வெப்பநிலையும் நேரமும் பழையதே, காற்றும் பழையதே. அடர்த்தி 99.2. எட்ச் செய்து பார்த்தால் ஓடு மாதிரி கிரெய்ன் ஒன்றுகூட இல்லை. துளை இன்னும் இருக்கிறது, ஆனால் அத்தனையும் மூன்று கிரெய்ன் சந்திக்கும் மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுகூட உள்ளே மாட்டவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது லேபில் நான் மட்டும்தான் இருந்தேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

பெல்லட் இன்னும் வெள்ளைதான். ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குத் தேய்த்துச் செல்போன் விளக்கின் மேல் வைத்தால் இளஞ்சூடான ஒரு வெளிச்சம் ஊறி வருகிறது. மூலையில் நிற்கிற அந்தத் துளைகளுக்குள் இருப்பது நைட்ரஜன் என்றால், சூளைமேடு ஐயா சொன்னபடி வெற்றிடத்தில் சுட்டால் மூட வேண்டும். பக்கத்துத் துறையில் வாக்குவம் ஃபர்னஸ் இருக்கிறது, அடுத்த மாதம் எட்டாம் தேதி எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஹீட்டர் கிராஃபைட். அந்தக் கார்பன் அலுமினாவில் ஏறிக் கறுப்படிக்குமா, அப்படி ஏறினால் பிறகு காற்றில் சூடுபடுத்தி எடுத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.